பதின்மூன்று வயதில் ஒரு பங்க் குழு: படமும் பயிற்சி அறையும்

லூகாஸ் மூடிசன் இயக்கி 2013-ல் வந்த ஸ்வீடன் நாட்டுப் படம் 'வி ஆர் தி பெஸ்ட்!'. கதை நடப்பது 1982-ல், ஸ்டாக்ஹோமில். போபோ, க்ளாரா என்று பதின்மூன்று வயதுத் தோழிகள் இருவர். ஒட்ட வெட்டிய முடி, பங்க் என்கிற முரட்டு ராக் இசைமேல் தீராத பித்து. பங்க் எப்போதோ செத்துவிட்டது என்று பள்ளியில் எல்லோரும் சொல்கிறார்கள். இவர்களோடு யாரும் சேர்வதில்லை. இருவருக்கும் எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. இளையோர் மையத்தில் பெரிய பையன்களின் ஹெவி மெட்டல் குழு ஒன்று இரைச்சல் போடுகிறது. அந்தப் பையன்கள் பயிற்சி அறைக்கான முன்பதிவுத் தாளில் பெயர் எழுதவில்லை என்று தெரிந்ததும் பெண்கள் இருவரும் தங்கள் பெயரை எழுதிவிடுகிறார்கள். அறை அவர்களுக்கு, பையன்கள் வெளியே. குழு பிறந்தாயிற்று.

பள்ளியில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் ராக் குழு தொடங்கும் படங்கள் எத்தனையோ உண்டு. பெரும்பாலானவற்றில் யாரோ ஒருவனுக்குள் மறைந்து கிடக்கும் திறமை கடைசிப் போட்டியில் வெடித்து வெளிவரும், அரங்கமே எழுந்து நிற்கும். இந்தப் படத்தில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. அதனால்தான் இதை நம்புகிறேன். குழு என்பது திறமையில் தொடங்குவதில்லை, ஓர் அறையில் தொடங்குகிறது என்பதை இவ்வளவு சரியாகச் சொன்ன வேறு படத்தை நான் பார்க்கவில்லை. மூடிசனின் மனைவி கோகோ மூடிசன் தன் சிறுவயதை வைத்து வரைந்த சித்திரக்கதைதான் படத்தின் மூலம். வாழ்ந்து பார்த்தவர் சொன்னது என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. டோக்கியோ திரைப்பட விழாவில் அந்த ஆண்டு முதல் பரிசும் இதற்குத்தான்.

ஸ்டாக்ஹோமின் தெற்குப் புறநகர் ஒன்றில், இப்படி ஓர் இளையோர் மையத்தில்தான் நான் மாலை வேலை பார்க்கிறேன். இங்கே ஃப்ரீடிட்ஸ்கோர்டு என்பார்கள். பள்ளி விட்டபின் பிள்ளைகள் வந்து விளையாடலாம், அரட்டை அடிக்கலாம், ஒன்றும் செய்யாமல் சும்மாவும் இருக்கலாம். கட்டணம் கிடையாது. சென்னையில் கல்லூரி நாட்களில் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசித்தவன் என்பதால், இசை அறைப் பொறுப்பு என் கைக்கு வந்தது. அந்த அறையில் உருவான ஒரு குழுவைப் பற்றியும், உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பிள்ளைகள் இப்படி ஒன்றைத் தொடங்க ஆசைப்பட்டால் உதவக்கூடிய சில விஷயங்களைப் பற்றியும் எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. யார் எதை வாசித்தார்களோ அதை வைத்தே அழைக்கிறேன்.

முதலில் அறை. இந்த நாட்டில் இளைஞர்களுக்குப் பயிற்சி அறை கிடைப்பது தற்செயல் இல்லை. கல்விச் சங்கங்கள் என்று ஓர் அமைப்பு முறை நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த ஏபிஎஃப் என்கிற கல்விச் சங்கம் தொடங்கியது 1912-ல். மொழி, தையல், வரலாறு என்று எதை வேண்டுமானாலும் சிலர் கூடிக் கற்கலாம், அந்தக் கூட்டத்துக்கு அரசு மானியம் உண்டு. ராக் குழுவும் ஒரு கற்றல் வட்டம்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள். குறைந்தது மூன்று பேர் வேண்டும், பதின்மூன்று வயதாகும் ஆண்டிலிருந்து சேரலாம். அறை, ட்ரம்ஸ், கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் எல்லாம் இந்த வழியில் கிடைக்கும். சும்மா கிடைத்ததும் இல்லை. ஸ்வீடனின் மிகப் பெரிய பங்க் குழுவான எப்பா கிரேன் 1977-ல் ரோக்ஸ்வேத் என்கிற புறநகரில் உருவானது. அங்கே ஒயாசென் என்ற இசைக்கூடத்தை இழக்கும் நிலை வந்தபோது, 1979-ல் இளைஞர்கள் கட்டடத்தை ஆக்கிரமித்துப் போராடினார்கள். போபோவும் க்ளாராவும் தாளில் பெயர் எழுதியதும் அறை கிடைப்பதற்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. 2024 முதல் அரசு இந்த மானியத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. எனக்கு அதில் மிகுந்த வருத்தம். குறைந்த செலவில் இவ்வளவு பிள்ளைகளைத் தாங்கிப் பிடிக்கும் வேறு ஏற்பாடு எனக்குத் தெரியாது.

எங்கள் மையத்துக்கு வந்தவர்களில் மூவர் எப்போதும் பில்லியர்ட்ஸ் மேசைக்குப் பின்னால் இருந்த சோபாவிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நண்பர்களா என்றால் அப்படியும் இல்லை. வேறு எந்தக் கூட்டத்திலும் இடம் கிடைக்காததால் ஒரே சோபாவில் சேர்ந்தவர்கள். ஒருத்தி நடு ஆண்டில் வேறு ஊரிலிருந்து பள்ளி மாறி வந்தவள். ஒருவன் பேசும்போது சொல் திக்கும், அதனால் பேசுவதையே குறைத்துக்கொண்டவன். மூன்றாவது பெண், யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் இங்கே பிறந்தவள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி, அதற்குப்பின் மிருதங்க வகுப்பு. மற்றவர்கள் முன்னால் என்னை இங்குள்ள வழக்கப்படி பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். தனியாக இருந்தால் 'மாமா'.

"மாமா, அந்த ட்ரம்ஸை நான் அடிச்சுப் பார்க்கலாமோ?" என்று ஒரு நாள் கேட்டாள். சாவியைக் கொடுத்தேன். கூடவே மற்ற இருவரும் எழுந்து போனார்கள். அன்றைக்கு நான் உள்ளே போகவில்லை.

உள்ளே போகாமல் இருப்பதை முதல் பாடமாகச் சொல்வேன். பெரியவர் ஒருவர் அறைக்குள் நின்றால் பிள்ளைகள் அவருக்காக வாசிப்பார்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளப் பார்ப்பார்கள். முதல் சில வாரங்கள் அவர்கள் எழுப்பும் சத்தம் சகிக்காது. அது அவர்களுக்கும் தெரியும், யாரும் சொல்லத் தேவையில்லை. படத்தில் மையத்தை நடத்தும் இரண்டு ஆண்களும் நல்லவர்கள்தான், ஆனால் கற்றுக்கொடுக்கத் துடிப்பவர்கள். அவர்களில் ஒருவர், குழுவில் பின்னால் சேரும் ஹெட்விக் என்கிற பெண்ணுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் எப்படி வாசிப்பது என்று காட்ட வருகிறார். அவள் அமைதியாக வாங்கி, அவரைவிடப் பல மடங்கு நன்றாக வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள். பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று விசாரிக்காமலே பாடம் எடுக்கத் தொடங்கும் எல்லாப் பெரியவர்களுக்கும் அந்தக் காட்சி பொருந்தும். கதவுக்கு வெளியே இருங்கள். கூப்பிட்டால் போங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அவர்கள் என்னைக் கூப்பிட்டது கிட்டாருக்காக. பள்ளி மாறி வந்த பெண் யூட்யூப் பார்த்து கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பிடிக்க முயன்று, விரல் நுனியெல்லாம் சிவந்து, எரிச்சலின் உச்சியில் இருந்தாள். முதல் நாளே சி, ஜி, எஃப் என்று கார்டு பிடிக்க உட்காருவது ஆர்வத்தைக் கொல்வதற்கு நல்ல வழி. எஃப் பிடிப்பதற்குள் பாதிப் பேர் கிட்டாரைக் கீழே வைத்துவிடுவார்கள். அதற்குப் பதில் நான் செய்து கொடுத்தது இதுதான்: தடித்த ஆறாவது தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கிச் சுருதி சேர்த்தேன். கிட்டார்காரர்கள் ட்ராப் டி என்பார்கள். இப்படிச் செய்துவிட்டால் தடித்த மூன்று தந்திகளையும் ஒரே விரலால் அழுத்தினாலே பவர் கார்டு என்கிற எளிய ராக் கார்டு வந்துவிடும். விரலை மேலே கீழே நகர்த்தினால் அடுத்த கார்டு. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியையும் அதேபோல டி-க்கு இறக்கிவிட்டால், கிட்டார் கழுத்தில் எந்தக் கட்டத்தில் (ஃப்ரெட்) விரல் இருக்கிறதோ அதே கட்டத்தில் பேஸும் இருந்தால் போதும். ஸ்வரத்தின் பெயர்கூட வேண்டாம். 'பூஜ்யம், அஞ்சு, மூணு' என்று கட்டத்தின் எண்ணைச் சொன்னால் இருவரும் ஒன்றாக நகர்வார்கள். அன்று மாலையே அவர்களிடம் ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துணுக்கு, இருந்தது.

திக்கிப் பேசுகிற பையன்தான் பேஸ். சிறிய உடம்பு, சிறிய கை. சாதாரண பேஸ் கிட்டாரின் தந்தி நீளம் 34 அங்குலம். 30 அங்குலத்தில் ஷார்ட் ஸ்கேல் என்று ஒன்று கிடைக்கும். மையத்தில் பழையது ஒன்று கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன். கட்டங்கள் நெருக்கமாக இருப்பதால் விரல் எட்டும், தந்தியின் இழுவிசையும் குறைவு. பிள்ளைக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், கருவி அதன் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இதைப் பல பேர் பார்ப்பதே இல்லை.

ட்ரம்ஸ்தான் எனக்கு வியப்பைத் தந்தது. மிருதங்கம் கற்ற கை அது. ஸ்நேர் என்கிற சின்ன ட்ரம் மேல் அவள் அடி விழும்போது ஒவ்வொன்றும் தெளிவாக, எண்ணி வைத்த மாதிரி விழும். எட்டு அட்சர ஆதி தாளம் ராக்கில் நாலு நாலாக இரண்டு பார் என்று நான் சொல்லப் போனபோது, அவள் ஏற்கெனவே தானாக அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். சிக்கல் காலில். மிருதங்கத்தில் காலுக்கு வேலை கிடையாது; உட்கார்ந்து மடக்கி வைத்துக்கொள்ளத்தான். இங்கே வலது கால் பேஸ் ட்ரம் மிதியில், இடது கால் ஹைஹாட் என்கிற ஜோடிச் சிம்பலின் மிதியில். கை ஓடும்போது கால் நின்றுவிடும், காலை நினைத்தால் கை நின்றுவிடும். டாம் என்கிற மற்ற ட்ரம்களையும் ஒரு சிம்பலையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பேஸ் ட்ரம், ஸ்நேர், ஹைஹாட் மூன்றோடு மட்டும் உட்காரச் சொன்னேன். பெரிய செட் முன்னால் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் அடிக்கத்தான் தோன்றும். மூன்றே இருந்தால் தாளம் மட்டும் மிஞ்சும். அவள் அதற்கும் தன் வழியைக் கண்டுபிடித்தாள். 'தொம்' என்று வாயால் சொல்லும்போது கால், 'நம்' என்று சொல்லும்போது கை. சொற்கட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ராக் தாளம் அடித்தாள். கொஞ்ச நாளில் மற்ற இருவரும் பாட்டை எண்ணித் தொடங்குவதற்குப் பதில் 'தொம் நம் தொம் நம்' என்றே தொடங்கினார்கள்.

ஏற்கெனவே ஏதாவது செவ்வியல் பயிற்சி உள்ள பிள்ளையைக் குழுவில் சேர்த்துக்கொள்வது பெரிய பலம். படத்தில் ஹெட்விக் அப்படி வருகிறவள்தான். கிறிஸ்தவ பக்தி நிறைந்த வீட்டுப் பெண். பள்ளி விழாவில் செவ்வியல் கிட்டார் வாசிக்கும்போது மற்ற பிள்ளைகள் கேலி செய்து கத்துகிறார்கள். அவளுக்கும் நண்பர்கள் இல்லை என்பதைப் பார்த்துத்தான் போபோவும் க்ளாராவும் அவளைத் தேடிப் போகிறார்கள். அவள் வந்தபிறகுதான் சேர்ந்து வாசிப்பது என்றால் என்னவென்று மற்ற இருவருக்கும் உறைக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தெரிந்தவர் வேகத்துக்குத் தெரியாதவர் ஓட முடியாது. எங்கள் ட்ரம்ஸ் பெண்ணிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பேஸ் வாசிப்பவனின் வலது கையைப் பார்த்து அடி, அவன் பின்தங்கினால் நீயும் அவனோடு இரு என்றேன். அப்படி இருவரும் ஒட்டிக்கொண்டபிறகு மேலே கிட்டார் எப்படிப் போனாலும் பாட்டு நின்றது.

அப்புறம் பாட்டு. எந்தப் பாட்டை எடுப்பது என்று ஒரு வாரம் சண்டை போட்டார்கள். ஆளுக்கொரு ரசனை. சொந்தமாக ஒன்று போடுங்கள் என்று சொன்னேன், எங்களுக்கு அதெல்லாம் வராது என்றார்கள். உண்மையில் தொடக்கநிலைக் குழுவுக்குச் சொந்தப் பாட்டுதான் எளிது. அடுத்தவர் பாட்டை வாசித்தால் மூலத்தோடு ஒப்பிட்டு உடனே தெரிந்துவிடும், இங்கே தப்பு, அங்கே தப்பு என்று. சொந்தப் பாட்டில் நீங்கள் வாசிப்பதுதான் மூலம். உங்களுக்குத் தெரிந்த இரண்டு கார்டில், உங்கள் குரல் எட்டும் சுருதியில், உங்கள் கால் தாங்கும் வேகத்தில் போட்டுக்கொள்ளலாம். படத்தில் அவர்களின் ஒரே பாட்டு உடற்பயிற்சி வகுப்பின் மேலுள்ள கோபத்தில் பிறக்கிறது. விளையாட்டை வெறுக்கிறேன் என்பதுதான் பாட்டே. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் அவர்கள் உண்மையிலேயே கோபப்பட்ட விஷயம் அது. அதனால் அது நிற்கிறது.

இன்று உனக்கு எதன்மேல் கோபம் வந்தது என்று கிட்டார் பெண்ணிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை, "மாற்றுப் பேருந்து" என்றாள். இங்கே குளிர்காலத்தில் ரயில் தடத்தில் ஏதாவது சிக்கல் என்றால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவதாக அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். நவம்பர் கடைசியில் மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் ஊரில், பனிச் சேற்றில் கால் நனைய, வரும் என்று சொன்ன பேருந்துக்குக் காத்து நிற்பது எங்கள் புறநகர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் பழகிய வேதனை. பாட்டு பீட்சா அட்டைப் பெட்டியின் மூடியில் எழுதப்பட்டது. முதல் சரணம் முழுக்கப் பேருந்தைத் திட்டினாள். பேஸ் பையன் இரண்டாவது சரணத்துக்கு ஒரு வரி எழுதினான்: என் பிறந்தநாளுக்கு வருவதாகச் சொன்னவனும் ஒரு மாற்றுப் பேருந்துதான் என்று. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ட்ரம்ஸ் பெண் "அதையும் நீயே பாடு" என்றாள்.

அவன் பாடினான். பாடும்போது திக்கவில்லை. இது அதிசயம் ஒன்றும் இல்லை. திக்குவாய் உள்ளவர்கள் பலர் பாடும்போது திக்குவதில்லை, மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அன்று கண் கலங்கிவிட்டது. பெண்கள் இருவரும் அதைப் பெரிதாக்காமல், அடுத்த வாரம் அவனுக்கு மைக் ஸ்டாண்டைச் சரியான உயரத்தில் வைத்துக் கொடுத்தார்கள். பாட வெட்கப்படுகிற பிள்ளை சுவரைப் பார்த்து நின்று பாடட்டும், விட்டுவிடுங்கள். திரும்ப வேண்டிய நாளில் தானாகத் திரும்பும்.

சத்தத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் படங்கள் இதைச் சொல்வதே இல்லை. 85 டெசிபல் என்பது எட்டு மணி நேரம் காது தாங்கும் எல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ல் நாலு மணி நேரம், 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் கால் மணி நேரம். சின்ன அறையில் ட்ரம்ஸும் இரண்டு ஆம்பும் சேர்ந்தால் 100-ஐ எளிதாகத் தொடும். ஸ்வீடனில் பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களை அனுமதிக்கும் நிகழ்ச்சிகளில் சராசரி ஒலியளவு 97 டெசிபலைத் தாண்டக்கூடாது, அந்த வயதுக்குக் கீழே யாரையும் விடாத நிகழ்ச்சி என்றால் 100 என்று வரம்பு உண்டு. மேடைக்கே வரம்பு இருக்கும்போது, பயிற்சி அறையில் காதடைப்பான் இல்லாமல் யாரையும் விடக்கூடாது. மஞ்சள் நுரை அடைப்பான் மலிவு, ஆனால் மேல் சுருதியை அதிகம் விழுங்கிவிடும், பாடுகிறவருக்குத் தன் குரல் மங்கலாகக் கேட்கும். இசைக்காரர்களுக்கென்று வடிகட்டி வைத்த அடைப்பான்கள் இருக்கின்றன, வசதி இருந்தால் அவை நல்லது. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் காதில் 'ஙொய்ய்' என்று கேட்டால், அன்று அளவு மீறிவிட்டது என்று பொருள்.

அளவைக் குறைக்கவும் வழி இருக்கிறது. முதலில் பாடுபவரின் குரலை வையுங்கள். மைக் கத்தாமல் எவ்வளவு ஏற்ற முடிகிறதோ அதுதான் அறையின் உச்சவரம்பு. ட்ரம்ஸ், கிட்டார் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஸ்பீக்கர் பாடுபவருக்குப் பின்னால் இருந்து மைக்கின் வாயைப் பார்த்தால் ஊளையிடும், அதை மைக்கின் முதுகுப் பக்கம் நகர்த்துங்கள். கிட்டார் ஆம்பைத் தரையில் வைத்தால் ஒலி முழங்காலுக்குப் போகும், வாசிப்பவர் கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். ஒரு நாற்காலியில் ஏற்றிக் காதைப் பார்க்கச் சாய்த்து வைத்தால் தானாகவே குறைப்பார்.

ட்ரம்ஸ் பெண்ணின் அம்மா ஒரு மாலை வந்தார். கதவருகில் நின்றபடியே, "அண்ணா, மிருதங்கமே படிப்புக்கு இடைஞ்சல் எண்டு இவளின்ட அப்பா சொல்லுறார். இப்ப இதுவும் எண்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார். நான் எந்த வாதமும் செய்யவில்லை. "உள்ள வந்து அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கம்மா" என்றேன். உட்கார்ந்தார். மகள் சொற்கட்டைச் சொல்லிக்கொண்டே அடிப்பதைப் பார்த்தார். இரண்டு ஸ்வீடிஷ் பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்வதையும் பார்த்தார். போகும்போது, "இவளுக்குப் பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் இல்லையெண்டு எனக்குத் தெரியும். எத்தனை மணிக்கு முடியும் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார். அதன்பின் கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், யார் கூட்டிப்போவது என்று எழுதி மூன்று வீட்டுக்கும் கொடுத்தேன். படத்திலும் பெற்றோரை ஒதுக்கி வைத்ததில்தான் விபரீதம் வருகிறது. ஹெட்விக்கின் நீண்ட முடியைத் தோழிகள் வெட்டிவிட, அவள் அம்மா போலீசுக்குப் போவேன் என்று நிற்கிறார். பெற்றோரின் பயம் பெரும்பாலும் இசையைப் பற்றியது இல்லை. பிள்ளை எங்கே, யாரோடு, எப்போது வரும் என்பதைப் பற்றியது.

சண்டை வரும். வரத்தான் செய்யும். படத்தில் ஒரு பையனுக்காக போபோவும் க்ளாராவும் பேசாமல் போகிறார்கள். இங்கே சண்டை வந்தது ஒரு வாட்ஸ்அப் குழுவில். இருவர் மட்டும் பேசிக்கொண்டது மூன்றாவது ஆளுக்குத் தெரிந்துவிட்டது. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இது மற்றவர்களைவிட ஆழமாகக் குத்தும். நான் நடுவராகப் போகவில்லை. பயிற்சி நேரத்தை மட்டும் ரத்து செய்யாமல் வைத்திருந்தேன். முதல் வாரம் ஒருத்தி வந்தாள், அடுத்த வாரம் இருவர். மூன்றாவது ஆள் வந்தபோது யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, சுருதி சேர்த்துக்கொண்டு தொடங்கினார்கள். நிலையான கிழமையும் நேரமும் இருப்பதன் பயன் அப்போது புரியும். திரும்பி வருவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

முதல் மேடைக்கு இரண்டு பாட்டு போதும். இரண்டு நன்றாகத் தெரிந்தால் ஐந்து அரைகுறையாகத் தெரிவதைவிட மேல். செல்போனில் பதிவு செய்து கேளுங்கள், ஆனால் வாசித்த அன்றே கேட்காதீர்கள். மறுநாள் கேட்டால் காது நியாயமாக இருக்கும். நடுவில் நின்றுவிட்டால் எந்த இடத்திலிருந்து சேர்வது என்பதை முன்பே முடிவு செய்து, அந்த இடத்தை மட்டும் தனியாகப் பழகுங்கள். பாட்டின் முடிவையும் அப்படியே. புதுக் குழுக்கள் தடுமாறுவது பெரும்பாலும் தொடக்கத்திலும் முடிவிலும்தான். நடுவில் ஓடிவிடும்.

எங்கள் பிள்ளைகள் வசந்த காலத்தில் மையத்தின் திறந்த மேடையில் வாசித்தார்கள். முன்வரிசையில் பெரிய பையன்கள் சிலர் சிரித்தார்கள், ஒருவன் காதைப் பொத்திக்கொண்டான். 'மாற்றுப் பேருந்து' வந்தபோது பின்னால் நின்ற சின்னப் பிள்ளைகள் சிலருக்குப் பல்லவி உடனே பிடித்துக்கொண்டது, சேர்ந்து கத்தினார்கள். படத்தில் இதைவிட மோசம். வெஸ்டரோஸ் என்கிற ஊரில் மேடையேறியதும் கூட்டம் வசைபாடுகிறது. இவர்கள் உடனே பாட்டின் வரியை மாற்றி அந்த ஊரையே வெறுக்கிறோம் என்று பாட, அரங்கம் ரகளையாகிறது. திரும்பி வரும்போது மூவரும் மகிழ்ச்சியின் உச்சத்தில் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் படுதோல்வி. ஆனால் எதிர்ப்பு வந்தபோது மூவரும் ஒரே பக்கம் நின்றார்கள். எங்கள் மூவரிடமும் மேடை முடிந்ததும் நான் எந்த விமர்சனமும் சொல்லவில்லை. கேபிள் சுருட்ட மட்டும் கூட நின்றேன். அதைப் பற்றிப் பேச அடுத்த வாரம் இருக்கிறது. அன்றைக்கு அவர்களுக்குப் பசிதான் இருந்தது.

குழு இப்போது இல்லை. ஒன்பதாம் வகுப்பு முடிந்து மூவரும் வெவ்வேறு பள்ளிகளுக்குப் போனபோது தானாக நின்றது. கிட்டார் பெண் வேறொரு குழுவில் இருக்கிறாள். ட்ரம்ஸ் பெண் மிருதங்கத்தையும் விடவில்லை. பேஸ் பையன் இப்போதும் மையத்துக்கு வருகிறான், புதிதாக வரும் சின்னவர்களுக்கு ட்ராப் டி சேர்த்துக் கொடுக்கிறான். குழு கலைவதைத் தோல்வி என்று நான் நினைப்பதில்லை. பதினாலு வயதுக் குழு ஓராண்டு நீடித்தாலே நிறைய.

கடைசியாகப் பணம். படத்தில் பெண்கள் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க ரயில் நிலையத்தில் போகிறவர் வருகிறவரிடம் காசு கேட்டுச் சேர்க்கிறார்கள், பிறகு அதைத் தின்றே தீர்த்துவிடுகிறார்கள். கவலைப்பட வேண்டாம், தொடக்கத்தில் எதையும் வாங்கத் தேவையில்லை. பள்ளி, இளையோர் மையம், தேவாலயம், தமிழ்ச் சங்கம், பக்கத்து வீட்டு அண்ணனின் பரண் என்று கேட்டுப் பாருங்கள், எங்காவது ஒரு கிட்டார் தூசி படிந்து கிடக்கும். கைப்பணம் போட்டே ஆக வேண்டும் என்றால் புதுத் தந்தி ஒரு செட்டும், கிட்டார் தலையில் மாட்டும் ட்யூனர் ஒன்றும், ஆளுக்கொரு ஜோடி காதடைப்பானும் வாங்குங்கள். வீட்டுக்கு ட்ரம்ஸ் வாங்காதீர்கள், அக்கம்பக்கத்தோடு பகைதான் மிஞ்சும். ரப்பர் பயிற்சித் திண்டு ஒன்றும் ஒரு ஜோடிக் குச்சியும் வீட்டுக்குப் போதும். காலுக்குத் தரையே போதும். குதிகாலை ஊன்றி முன்பாதத்தால் தட்டிப் பழகினால், அறையில் மிதியை மிதிக்கும்போது கால் தயாராக இருக்கும்.